ஓடஸ் உபகரணம்: ஒன்பது மாதம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிப் பதினேழு வருடமாகிறது. அத்தனை வருடமும், ஒளித்தொகுப்பில் நீர்த்தாவரம் விடுகிற ஒட்சிசனை அளக்கிற ஓடஸ் உபகரணத்தைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டியிருக்கிறேன். ஒரு சோதனைக்குழாய், அதற்குள் ஐதரில்லா என்ற நீர்ச்செடியின் தண்டு தலைகீழாக, வெட்டிய முனைக்கு மேலே கவிழ்ந்த புனல் வாய், அதிலிருந்து வளைந்து போகும் மயிர்த்துளைக் குழாய், பக்கத்தில் ஓர் அளவுச்சட்டம், கடைசியில் சிறிஞ்சு. பிள்ளைகளும் அச்சொட்டாக வரைவார்கள், பெயரிடுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். குமிழி தண்டின் எந்த இடத்தால் வரும் என்று கேட்டால் பேசாமல் நிற்பார்கள். அது அவர்கள் பிழை இல்லை. காணாத ஒன்றை எப்படிச் சொல்வது?

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, யாழ்ப்பாண நகரத்தில் ஆய்வுகூடச் சாமான் விற்கிற ஒரு கடையில் சொந்தக் காசுக்கு ஒரு செற் வாங்கினேன். விலை 6,800 ரூபா. ஒன்பது மாதமாக வீட்டு விறாந்தையில் வைத்துப் பாவிக்கிறேன். வாங்க யோசிக்கிற ஆசிரியர்களுக்காகவும், உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் செய்து காட்ட விரும்புகிற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் கூட வருகிற கடுதாசியில் உள்ள ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அது எது என்று கீழே விபரமாகச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை: புனல் வாயோடு ஒரே துண்டாக வளைத்த கண்ணாடி மயிர்த்துளைக் குழாய், அது கட்டியிருந்த 30 செ.மீ. பிளாஸ்ரிக் அளவுச்சட்டம், அரைச்சாண் இறப்பர்க் குழாய், 5 மி.லீ. சிறிஞ்சு, அகன்ற சோதனைக்குழாய் இரண்டு, மரத் தாங்கி, ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடுதாசி. விளக்கு, வெப்பமானி, முகவை எதுவும் இல்லை. அவற்றை நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி வேலை உண்மையிலேயே நல்லது. மலிவுக் குழாய்களில் வளைக்கிற இடத்தில் துளை நசிந்து ஒடுங்கிவிடும். குமிழி அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாக அறுந்துபோகும். இதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வளைவு முழுக்கத் துளை ஒரே சீராக, வெள்ளி நூல் போட்ட மாதிரி ஓடியது.

நான் முதலில் கொண்டுவந்த செற்றில் புனல் வாயின் விளிம்பு நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. அடுத்த நாளே திருப்பிக் கொண்டுபோனேன். "ரீச்சர், கண்ணாடிச் சாமான் கடையை விட்டு வெளியில போனா மாத்தித் தாறேல்ல" என்றார் கடைக்காரர். "அண்ணை, நான் ஒட்டோவில மடியில வைச்சுக் கொண்டுபோனனான். இது பெட்டிக்குள்ளேயே வெடிச்சிருக்கு, வைக்கலுக்குள்ள தேடிப் பாருங்கோ" என்றேன். தேடினார். அந்தச் சின்னக் கண்ணாடிச் சீவல் வைக்கலுக்கு அடியில் கிடந்தது. மறுபேச்சில்லாமல் வேறொன்று எடுத்துத் தந்தார். நீங்கள் வாங்கினால் காசு கொடுக்க முதல் கடையிலேயே பிரித்து, விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஓடஸ் என்பது ஆளின் பெயர் என்பதே என் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. லெஸ்லி ஜோன் ஓடஸ், 1911 இல் பிறந்து 2011 இல் இறந்த பிரித்தானியத் தாவரவியலாளர். லண்டன் பெட்போர்ட் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் யாவாவில் யப்பானியரிடம் கைதியாக அகப்பட்டார். முகாமில் சத்தில்லாத சாப்பாட்டால் கைதிகளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது, கிடைத்ததைக் கொண்டு மதுவம் வளர்த்து அவர்களுக்கு விற்றமின் கிடைக்கச் செய்தவர். இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. முகாம், தட்டுப்பாடு எல்லாம் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகள். அதன் பிறகு அந்தப் படத்துக்கு ஒருத்தரும் பெயரைப் பிழையாக எழுதுவதில்லை.

சரி, பாவிப்பு.

முதல் சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐதரில்லாத் தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக வெட்டி, வெட்டுமுனை மேலே இருக்கும்படி புனல் வாய்க்குள் நுழைத்தோம். விளக்கைப் போட்டதும் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் வெட்டுமுனையில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி மினுங்கியது, பருத்தது, கழன்று மேலே போனது. பின்னாலே இன்னொன்று. பிறகு நூலில் கோத்த பாசிமணி மாதிரி வரிசையாக. "ரீச்சர், ஒரே இடத்தாலதான் வருது!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். அதுதான் விசயம். ஐதரில்லாத் தண்டுக்குள் நீளத்துக்கு வளி இடைவெளிகள் உண்டு. இலைகளில் உண்டாகும் ஒட்சிசன் அவற்றுக்குள் சேர்ந்து, வெட்டிய வாயால் வெளியே வருகிறது. பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில்தான் இந்த வளியை விடுகின்றன, இருட்டில் விடுவதில்லை என்று யான் இங்கன்ஹவுஸ் 1779 இல் காட்டியதும் தண்ணீருக்குள் இலைகளை வைத்து இப்படிக் குமிழிகளைப் பார்த்துத்தான்.

ஐந்து நிமிடம் சேர விட்டு, சிறிஞ்சை மெல்ல இழுத்தால் சேர்ந்த வளி ஒரு நீளக் குமிழியாக மயிர்த்துளைக் குழாய்க்குள் வந்து அளவுச்சட்டத்துக்கு நேரே நிற்க வேண்டும். எங்களுக்கு நிற்கவில்லை. இழுக்க இழுக்கத் துண்டு துண்டாக வளி வந்தது. இறப்பர்க் குழாய் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்காமல் மூட்டால் வெளி வளி இழுபட்டது. அந்த இறப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பாமசியில் சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்று வாங்கி ஒரு சாண் வெட்டிப் போட்டேன். மூட்டில் கொஞ்சம் வசிலின். அன்றிலிருந்து இன்றுவரை ஒழுக்கில்லை. பெட்டியோடு வருகிற இறப்பர்க் குழாய்க்கு என்னிடம் ஒரு புள்ளியும் இல்லை. சிறிஞ்சும் மூன்றாம் மாதத்தில் இறுகத் தொடங்கியது; அதையும் மாற்றிவிட்டேன், எந்தப் பாமசியிலும் கிடைக்கும்.

இழுக்கிற பக்குவம் கைக்கு வரக் கொஞ்ச நாள் எடுக்கும். தம் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற நிதானம் வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்குக் கெட்டிக்காரன், தகப்பனோடு மணிக்கூடு திருத்துகிற கடையில் நிற்கிற பிள்ளை.

இனி அந்த எண்.

கடுதாசியில் மயிர்த்துளையின் விட்டம் 1 மி.மீ. என்று அச்சடித்திருந்தது. குமிழியின் நீளத்தைக் கனவளவாக மாற்ற இந்த எண் இல்லாமல் முடியாது: குறுக்குப் பரப்பு பெருக்கல் நீளம். ஆரை வர்க்கமாக வருவதால் விட்டத்தில் சின்னப் பிழை விட்டாலும் விடை எங்கேயோ போய்விடும். குழாயைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தபோது துளை ஒடுக்கமாகத்தான் தெரிந்தது. சந்தேகம் வந்தால் அளக்க வேண்டும். ஆனால் அளப்பதற்கு ஒரு மில்லிக்கிராம் காட்டுகிற தராசு எங்கே இருக்கிறது?

நகைக்கடைகள் இருக்கிற கஸ்தூரியார் வீதியில் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பத்தரிடம் குழாயையும் சிறிஞ்சையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கொண்டுபோனேன். குழாய்க்குள் சரியாக 10 செ.மீ. நீளத்துக்குத் தண்ணீர் எடுத்து, அதைத் தராசில் இருந்த சின்னக் கிண்ணத்துக்குள் விட்டேன். அப்படிப் பத்துத் தரம். மொத்தம் ஒரு மீற்றர் நீளத் தண்ணீர். மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி மூடியைச் சாத்தி, பத்தர் தங்கம் நிறுக்கிற அதே கவனத்தோடு நிறுத்தார். 0.50 கிராம். துளை 1 மி.மீ. என்றால் 0.785 கிராம் வந்திருக்க வேண்டும். எங்கள் குழாயின் குறுக்குப் பரப்பு அரைச் சதுர மி.மீ. தான், விட்டம் 0.8 மி.மீ. கடுதாசியை நம்பிக் கணக்குச் செய்தால் ஒட்சிசனின் கனவளவு ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பிழைக்கும். "தண்ணியையும் நிறுத்துப் பாக்கவேண்டிக் கிடக்கு என்ன தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, காசு எதுவும் வேண்டாம் என்றார் பத்தர்.

ஒப்பிட்டுப் பார்க்கிற பரிசோதனைகளுக்கு நீளமே போதும், அங்கே இந்தப் பிழை பாதிக்காது. ஆனால் பரீட்சையில் கனவளவு கேட்பார்கள், அதுவும் கன மி.மீ. இல். பிள்ளை ஒரு முறை தன் கையால் சரியான விடையை எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய 60 வாற்று பல்ப்பை 10 செ.மீ. தூரத்தில் வைத்தோம், இருபது நிமிடத்தில் தண்ணீர் நான்கு பாகை சூடேறியது. அப்படியானால் நாங்கள் அளந்தது வெளிச்சத்தையா, சூட்டையா? எல்.ஈ.டி. விளக்குக்கு மாறி, சோதனைக்குழாயை ஒரு பெரிய முகவைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்ததும் வெப்பநிலை அசையவில்லை. 40 செ.மீ. தூரத்தில் ஐந்து நிமிடத்துக்கு 8 மி.மீ. குமிழி. 20 செ.மீ. இல் 27. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, குமிழியும் ஏறத்தாழ அப்படியே ஏறியது. ஆனால் 10 செ.மீ. இல் 34 தான். இன்னும் நான்கு மடங்கு வெளிச்சம் கொடுத்தும் அவ்வளவுதான். அதே 10 செ.மீ. இல் செடிக்குக் காபன் கொடுக்கிற அப்பச்சோடா (சோடியம் இருகாபனேற்று) ஒரு நுள்ளு போட்டதும் 46 ஆனது. ஆகக் குறைவாக இருக்கிற காரணிதான் ஒளித்தொகுப்பின் வேகத்தைத் தடுத்து நிறுத்தும், அதுவே எல்லைப்படுத்தும் காரணி என்று தாவரவியலாளர் பிளாக்மன் 1905 இல் சொன்னதை நான் வருடக்கணக்காக ஒரு வளைகோடாகக் கீறிக் காட்டி வந்தேன். அன்று பிள்ளைகள் தாங்களே அந்தக் கோட்டைத் தட்டையாகும் இடம்வரை கொண்டுபோனார்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த உபகரணத்தை யாழ்ப்பாணத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை பாவிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடுதாசியில் சோடியம் இருகாபனேற்றுக் கரைசல் பாவிக்கச் சொல்லியிருந்தது. முதல் நாள் அதை நான் மறந்துபோனேன். வெறும் கிணற்றுத் தண்ணீர்தான் விட்டிருந்தோம். அதில்தான் அந்தப் பாசிமணிக் குமிழிகள் வந்தன. ஏன் வந்தன என்று இரவு முழுக்க யோசித்தேன். விடை என் வீட்டுக் கேத்திலுக்குள்ளேயே இருந்தது.

எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேலே இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணில் இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி, அந்தக் கல்லையும் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. காய்ச்சினால் அது உடைந்து, கல்சியம் காபனேற்றாகக் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. நாங்கள் சுரண்டிச் சுரண்டிச் சலித்துப்போகிற அந்தச் செதில்தான். ஐதரில்லாவுக்கோ தண்ணீருக்குள் காபன் கிடைப்பது பெரிய பாடு. காற்றில் பரவுவதை விடக் காபனீரொட்சைட்டு தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் இந்தச் செடி இருகாபனேற்றையும் எடுத்துப் பாவிக்கப் பழகியிருக்கிறது. எங்கள் கிணறு அதற்கு விருந்து.

அடுத்த சனிக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையில் குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் (கரைந்த உப்புகளை வடித்து அகற்றிய தண்ணீர்) வாங்காத வீடு குறைவு. எனவே ஒரு போத்தல் ஆர்.ஓ. தண்ணீர், ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர், ஒரு போத்தல் காய்ச்சி ஆறவிட்ட கிணற்றுத் தண்ணீர். எதில் கூடக் குமிழி வரும் என்று முதலில் கேட்டேன். "சுத்தமான தண்ணியிலதானே ரீச்சர் செடி நல்லா இருக்கும்? ஆர்.ஓ. தான்" என்றான் ஒருவன். பலரும் தலையாட்டினார்கள். இன்னொரு பிள்ளை ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: காய்ச்சின தண்ணியில வளி எல்லாம் போயிருக்குமே, வாற ஒட்சிசன் குமிழியாகாமல் தண்ணிக்குள்ளேயே கரையாதா? சரியான கேள்வி. அதற்காக மூன்று போத்தலையும் பாதி வெறுமையாக வைத்து நூறு தரம் குலுக்கிக் காற்றைக் கரைய விட்டோம். பிறகு ஒரே தண்டு, ஒரே 20 செ.மீ. தூரம், தண்ணீர் மாற்றியதும் பத்து நிமிடம் ஓய்வு, பிறகு ஐந்து நிமிட அளவீடு.

கிணற்றுத் தண்ணீர் 28 மி.மீ. காய்ச்சியது 11. ஆர்.ஓ. வெறும் 4. அந்த ஆர்.ஓ. தண்ணீருக்குள்ளேயே அப்பச்சோடா போட்டால் 31. தண்டு களைத்துப்போயிருக்கலாம் என்று கடைசியில் திரும்பவும் கிணற்றுத் தண்ணீர் விட்டோம், 26. ஆர்.ஓ. என்று சொன்ன பிள்ளை அந்த நான்கு மி.மீ. குமிழியை அளவுச்சட்டத்தோடு கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். வீட்டுக்குப் போய்த் தாயோடு கேத்தில் செதிலைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தானாம். தாய் அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னா.

காரத்தில் இளஞ்சிவப்பாகிற பினோத்தலீன் கொஞ்சம் கிடைத்தால் இதையும் செய்து பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு துளி விட்டு, ஐதரில்லாவை வெயிலில் வையுங்கள். முதலில் நிறமில்லை. அரை மணித்தியாலம் கழிய இலைகளைச் சுற்றி இளஞ்சிவப்பு மெல்லப் புகை மாதிரிப் படரும். இருகாபனேற்றை உள்ளே எடுக்கிற இலை ஐதரொட்சைட்டை வெளியே விடுகிறது. தண்ணீர் காரமாகிறது. கோடையில் குளத்து ஐதரில்லாவைத் தொட்டால் இலை சொரசொரப்பாக, வெள்ளைப் பொடி பூசினது போல் இருக்குமே, அந்தச் சுண்ணாம்பும் இதே காரியத்தால் இலையில் படிவதுதான்.

மாசியில் இன்னொன்றும் செய்தோம். ஊர்க் குளத்தில் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீர் எடுத்துவந்து, அறை வெப்பநிலைக்கு வர விட்டு, ஒரே விளக்கில் ஒரே தண்டை வைத்து அளந்தோம். காலைத் தண்ணீரில் 30 மி.மீ., பிற்பகல் தண்ணீரில் 16. பி.எச். தாளில் காலை 7.5, பிற்பகல் 9. இரவெல்லாம் குளத்தில் உள்ள உயிர்கள் சுவாசித்துச் சேர்த்துவைத்த காபனைப் பகலெல்லாம் செடிகள் எடுத்துத் தீர்த்துவிடுகின்றன. குளக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் காலையும் மாலையும் ஒரே தண்ணீர்தான். உள்ளே இருக்கிற செடிக்கு அது வேறு வேறு உலகம். சூழலுக்கேற்ப உயிரின் உடல் எப்படி இயங்குகிறது என்று பார்க்கிற சூழலுடற்றொழிலியல் என்ற நீளச் சொல்லை இதன் பிறகு நான் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

இப்படிக் காபன் வற்றிப்போகிற வெக்கைக் காலத்தில் ஐதரில்லா இன்னொரு வேலையும் செய்யும். பாடப்புத்தகத்தில் சி4 (காபனீரொட்சைட்டை முதலில் பிடித்துச் செறிவாக்கிப் பிறகு பாவிக்கிற ஒளித்தொகுப்பு முறை) என்றால் சோளத்தையும் கரும்பையும் காட்டி, கட்டுமடற் கலங்கள் வளையமாக இருக்கிற கிரான்ஸ் அமைப்பு வேண்டும் என்று படிப்பிக்கிறோம். ஐதரில்லாவின் இலை இரண்டே கலப்படைத் தடிப்பு, வளையம் எதுவும் இல்லை. ஆனாலும் சூடு கூடி, காபனீரொட்சைட்டுக் குறைந்தால் அது சாதாரண சி3 முறையிலிருந்து சி4 முறைக்கு மாறிக்கொள்ளும். கலத்தின் குழியவுருவில் காபனை ஒருமுறை பிடித்து, அதே கலத்தின் பச்சையவுருமணிக்குள் கொண்டுபோய் காபனைச் சேர்க்கிற நொதியமான ருபிஸ்கோவுக்குப் பக்கத்தில் விடுவிக்கும். ருபிஸ்கோ ஒட்சிசனைப் பிடித்து ஒளிச்சுவாசத்தில் வீணாக்குவது அதனால் குறையும். ஊரில் பாசி என்று வாரிக் கரையில் எறிகிற செடி இது. பாசிகூட இல்லை, பூக்கிற தாவரம்.

வேலணையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை தங்கள் வீட்டு உவர்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். 12 மி.மீ. தான் வந்தது. உப்பாலா, வேறு எதனாலா என்று ஒரே ஒரு போத்தலை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதிவைக்கச் சொன்னேன். உப்புக்குள்ளேயே வாழ்கிற கண்ணா மரத்தின் இலையை நக்கிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அடுத்த கிழமை கரையோரத்தில் இருந்து ஒரு கொப்பு முறித்துக்கொண்டு வந்தாள். இலையின் மேலே உப்புப் பளிங்கு மினுங்கியது. மரம் தன் உப்புச் சுரப்பிகளால் வெளியே தள்ளிய உப்பு. எல்லாரும் நக்கிப் பார்த்தார்கள்.

ஆனால் கண்ணாவையோ பனையையோ வெங்காயத்தையோ இந்த உபகரணத்தில் வைத்து ஒன்றும் அளக்க முடியாது. இது நீர்த்தாவரத்துக்கு மட்டும். தரைத்தாவரத்தின் ஒளித்தொகுப்பை அளக்க இலையை ஓர் அறைக்குள் பூட்டி, காபனீரொட்சைட்டை அகச்சிவப்புக் கதிரால் அளக்கிற கருவி வேண்டும். அது பாடசாலைக்கு எட்டாத விலை. இன்னும் இரண்டு விசயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் குமிழி முழுக்க ஒட்சிசன் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கிற நைதரசனும் அதற்குள் பரவி வந்துவிடும். அதோடு, செடி அதே நேரம் சுவாசித்தும் கொண்டிருப்பதால் நாங்கள் அளப்பது மிச்சத்தைத்தான். விளக்குப் போட்டு முதல் சில நிமிடம் வருவதையும் கணக்கில் எடுக்காதீர்கள், தண்ணீர் ஒட்சிசனால் நிரம்பும் வரைக்கும் அளவு குறைவாகவே காட்டும்.

காசில்லை என்றால் வேறு வழி உண்டு. வல்லாரை மாதிரி மெல்லிய இலையில் ஸ்ட்ரோவால் வட்டங்கள் குத்தியெடுத்து, அப்பச்சோடாத் தண்ணீரோடு சிறிஞ்சுக்குள் போட்டு, வாயை விரலால் அடைத்து இழுத்தால் இலைக்குள் இருக்கிற வளி வெளியேறி வட்டங்கள் தாண்டுவிடும். வெளிச்சத்தில் வைத்தால் ஒட்சிசன் சேரச் சேர ஒவ்வொன்றாக மிதந்து மேலே வரும். பெரிய செலவில்லை, முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சிறிஞ்சு வைத்துச் செய்யலாம். தரைத்தாவரத்துக்கு இதுதான் வசதி. ஆனால் கனவளவு கிடைக்காது. எத்தனை வட்டம் எத்தனை நிமிடத்தில் மிதந்தது என்பது மட்டும்தான். நான் இரண்டையும் செய்கிறேன். முதலில் வட்டம், பிறகு ஓடஸ்.

செடி தேடுவதுதான் எங்கள் ஊரில் ஒரு தொல்லை. மாரி முடிந்து சித்திரை வரைக்கும் குளங்களில் தாராளம். ஆனி, ஆடியில் குளம் வெடித்துக் கிடக்கும். அதற்காக மாசியிலேயே ஒரு வாளி ஐதரில்லா கொண்டுவந்து, கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் அரை நிழலில் விட்டேன். இப்போது புரட்டாதி, இன்னும் பச்சையாக நிற்கிறது. மீன்தொட்டிக் கடைகளிலும் கிடைக்கும்; ஆனால் கடையிலிருந்து வந்த தண்டுகள் ஒரு கிழமை வெளிச்சம் கண்ட பிறகுதான் ஒழுங்காகக் குமிழி விட்டன.

கழுவுகிற விதம் முக்கியம். எங்கள் தண்ணீரை அப்படியே காய விட்டால் மயிர்த்துளைக்குள் சுண்ணாம்பு படிந்து, குமிழி அங்கங்கே ஒட்டி நிற்கும். வேலை முடிந்ததும் ஒரு சிறிஞ்சு வினாகிரி இழுத்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டு சிறிஞ்சு ஆர்.ஓ. தண்ணீர். மூன்று மாதம் இதைச் செய்யாமல் விட்டுப் பிறகு ஒரு பின்னேரம் முழுக்கக் குழாயை ஊறப்போட வேண்டி வந்தது. அளவுச்சட்டத்தில் அச்சடித்த எண்கள் வெயிலில் மங்கிவிட்டன. அதைக் கழற்றிவிட்டுப் புத்தகக் கடையில் வாங்கிய சாதாரண அடிமட்டத்தைக் கட்டியிருக்கிறேன், இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இறப்பருக்கும் அளவுச்சட்டத்துக்கும் அந்த 1 மி.மீ. எண்ணுக்கும் புள்ளி வெட்டியும், 6,800 ரூபா எனக்கு நட்டமில்லை. தையில் அடுத்த வகுப்புக்கு இரண்டாவது செற் வேண்டும் என்று அதே கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். துளையின் விட்டத்தை அளந்து பெட்டியில் எழுதித் தந்தால்தான் எடுப்பேன் என்றதும், எப்படி அளந்தனீங்கள் ரீச்சர் என்று கேட்டார் கடைக்காரர். பத்தரின் கடைக்கு வழி சொல்லிவிட்டு வந்தேன்.